பொனிப்பாஸ் போட்ட முடிச்சுகள்

ஓட்டோ படலையடியில் நின்றதும் முதலில் என் கண்ணில் பட்டது என் மனுசனின் சிரிப்புத்தான்.

பொனிப்பாஸ் இலேசில் சிரிக்கிற ஆள் இல்லை. நந்திக்கடலில் வலை நிறைய இறால் பட்ட நாளில்கூட, "ஏதோ பட்டிருக்கு" என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். அப்படிப்பட்டவர் அன்று படலையை அகலத் திறந்து, என் பையை வாங்கி, ஓட்டோக்காரத் தம்பிக்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்து அனுப்பினார். ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

டெங்குக் காய்ச்சல் வந்து, வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வருகிறேன். கால் இன்னும் என் சொல்லைக் கேட்கவில்லை. வாயெல்லாம் கசப்பு. ஒரு பாயைப் போட்டு விழுந்தால் போதும் என்றிருந்தது.

"இஞ்சேர் றெஜினா, உன்ர சாமானுக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஒண்டுக்கும் யோசியாதை. எல்லாத்தையும் நான் பத்திரமாக் கட்டி வைச்சிட்டன்."

"எந்தச் சாமான்?"

"உந்த நூல் சாமான்தான். ஒண்டையும் கட்டாமல் அப்பிடியே விட்டிட்டுப் போட்டாய். கச்சான் காத்து அடிச்ச அடியில எல்லாம் ஆடிக்கொண்டெல்லோ கிடந்துது. நல்ல காலம், நான் பாத்தன்."

யன்னலோரம் இருந்த என் மேசையைத் தன்னுடைய புதுச் சாரத்தால் மூடியிருந்தார். சாரத்தைத் தூக்கினேன்.

என்ர மாதாவே!

எங்கள் மகள் டிலானியின் கலியாண முக்காட்டுக்காக நான் மாதக் கணக்கில் பின்னிக்கொண்டிருந்த ரேந்தை, லேஸ் என்பார்களே, அது. இன்னும் பின்னி முடியாமல் தொங்கிக்கொண்டிருந்த நூல்களையெல்லாம் சோடி சோடியாகப் பிடித்து, இறுக்கி, வலை முடிச்சுப் போட்டிருந்தார் பொனிப்பாஸ். ஒரு சோடியைக்கூட விட்டு வைக்கவில்லை. கலியாணத்துக்கு இருந்ததோ சொற்ப நாட்கள்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"என்னப்பா, எப்பிடி என்ர கட்டு?" என்று கேட்டார், புகழ்ச்சிக்குக் காத்திருக்கிற குரலில்.

மடுவில் கேட்ட சத்தம்

நான் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், முல்லைத்தீவுக் கரையில் மீன்காரன் பெண்டாட்டிக்கு ரேந்தைப் பின்னல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் பங்குச் சுவாமியார்கூட ஒருநாள் கேட்டார்.

கூட்டுறவுச் சங்கக்கடையில் நான் நிறுத்துக் கொடுத்த காலத்தைப் பற்றி சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன் அல்லவா? சண்டையில் அந்த வேலையும் போய், இருந்த வீடும் போய், முகாமில் இருந்து, பிறகு திரும்பி வந்து, வட்டுவாகல் பாலத்துக்குக் கிட்ட இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த பிறகுதான் எனக்கு ஒரு புது வருத்தம் தொடங்கியது. கை சும்மா இருந்தால் மனம் போகக் கூடாத இடங்களுக்கெல்லாம் போய்விடும். செபமாலையைக் கையில் எடுத்தால் பாதி மணியில் நின்றுவிடுவேன். ஆருக்கும் சொல்லவில்லை. சொல்லி என்ன, எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அந்த வருத்தம் இருந்தது.

அந்த வருடம் மடு மாதா கோவில் திருவிழாவுக்குப் போனோம். மடுவில் மரத்துக்கு மரம் கொட்டில் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு, ஒரு கிழமையாவது இருந்துவிட்டு வருவதுதான் எங்கள் வழக்கம். பக்கத்து மரத்தடியில் தென்பகுதியில் இருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் படுத்திருக்க, அந்தக் கொட்டிலுக்குள்ளிருந்து டக் டக் டக் டக் என்று ஒரு சத்தம். ஆரோ கொட்டைப் பாக்கைத் தகரத்தில் உருட்டி விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

எட்டிப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும், ஒரு மனுசி. நிலத்தில் கால் மடித்துச் சப்பாணி கட்டி இருந்து, முன்னால் ஒரு தலையணை. தலையணையில் ஊசிகள் காடு மாதிரிக் குத்தியிருக்கின்றன. ஊசிகளிலிருந்து வருகிற நூல்களின் நுனிகளில் விரல் நீளத்துக்கு மரக்கட்டைகள். அந்தக் கட்டைகளை அவள் எடுப்பதும் மாற்றுவதும் எறிவதுமாக இருக்கிறாள். விரல் போகிற வேகத்தில் எனக்குக் கண் கூசியது.

என் வாயில் தானாக வந்தது: "ரேந்தை!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஓவ், ஓவ்! ரேந்த, ரேந்த!" என்றாள்.

எங்களுக்கும் அவர்களுக்கும் அந்தச் சொல்லை எந்தப் பறங்கி கொண்டுவந்து கொடுத்தானோ, அவன் நல்லாயிருக்கட்டும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நானும் அவளும் அன்று பின்னேரம் வரை கதைத்தோம். பேர் குசுமா. ஊர் வெலிகமைப் பக்கம். புத்த சமயம்தான், ஆனால் மடு மாதாவுக்கு ஏதோ நேர்த்தி. அதைப் பற்றி அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்னேரம் அவள் என் கையைப் பிடித்து இரண்டு சோடிக் கட்டைகளை விரலுக்குள் வைத்தாள். "ஹெமின், ஹெமின்" என்றாள். மெல்ல, மெல்ல என்று அர்த்தம். அன்று இரவு, முகாமை விட்டு வந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக, நான் படுத்த உடனே நித்திரை கொண்டேன். குசுமாவுக்கு இதை நான் சொல்லிக்கொள்ளும் அளவுக்குச் சிங்களம் படிக்க எனக்கு வருடங்கள் எடுத்தன. சொன்னபோது அவள் அழுதுவிட்டாள்.

மாற்று, முறுக்கு

பார்க்கத்தான் பயங்கரம். வேலை என்னவோ இரண்டே இரண்டுதான்.

நாலு கட்டை கையில். நடுவில் உள்ள இரண்டையும் இடதை வலதின் மேலாகப் போட்டால் அது மாற்று. ஒவ்வொரு சோடியிலும் வலதை இடதின் மேலாகப் போட்டால் அது முறுக்கு. மாற்று, முறுக்கு, மாற்று என்று செய்தால் துணி மாதிரி அடர்த்தியாக வரும். மாற்று, முறுக்கு என்று மட்டும் செய்துகொண்டு போனால் வலை மாதிரி ஐதாக வரும். மாதிரித் தாளில் புள்ளி வருகிற இடத்தில் ஒரு ஊசியைக் குத்தி, நூலை அதைச் சுற்றித் திருப்ப வேண்டும். உலகத்தில் உள்ள பூவும் இலையும் மயிலும் இந்த இரண்டு அசைவுக்குள்தான் இருக்கின்றன என்று குசுமா சொல்வாள்.

முடிச்சு? முடிச்சே கிடையாது. நூல் நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நாலு விரல் நீளம் பின்னிய பிறகு பின்னால் உள்ள ஊசிகளைக் கழற்றி முன்னால் குத்தலாம். கழற்றிய இடம் அப்படியே நிற்கும்.

திருவிழா முடிந்து போகும்போது குசுமா ஒரு கைப்பிடி கட்டைகளைத் தந்துவிட்டுப் போனாள். மிச்சத்தை ஃபோனில் முகம் பார்த்துப் படித்தேன். அவள் கமராவைத் தன் கைக்கு மேல் பிடிக்க மகளை வைத்திருப்பாள். நான் எனது ஃபோனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்திருப்பேன். பாதி நேரம் அவளுக்கு என் நாடியும் கழுத்தும்தான் தெரியும்.

முதலில் பின்னிய ரேந்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு. கடையில் வாங்கிய சாதாரணக் குண்டூசியைத்தான் குத்தினேன். எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் உப்பு ஏரி. அந்த உப்புக் காற்றில் சைக்கிளே நிற்காது, குண்டூசி நிற்குமா? ஒரு கிழமை கழித்துக் கழற்றினால் வெள்ளை ரேந்தை முழுக்கத் தேத்தண்ணி நிறத்தில் துருப் புள்ளி. குசுமாவுக்குக் காட்டினேன். "அக்கே, இது புது டிசைன்" என்றாள், கள்ளி. பிறகு பித்தளை ஊசிகளை ஒரு டப்பாவில் போட்டு பஸ்ஸில் அனுப்பி வைத்தாள்.

கூடுதல் கட்டைகளுக்கு முள்ளியவளையில் ஒரு தச்சரிடம் போனேன். மாதிரிக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, பிள்ளையளுக்கு விளையாட்டுச் சாமானோ?" என்று கேட்டார். "ஓம் தம்பி, எனக்குத்தான்" என்றேன். பாலை மரத்தில் கடைந்து தந்தார். நல்ல பாரம். பாரத்தில் நூல் நிமிர்ந்து நின்றது. ஒன்றோடொன்று முட்டும்போது வருகிற சத்தம் குசுமாவின் கட்டைகளைவிடக் கனதியாக இருந்தது. அந்தச் சத்தம்தான் இன்றுவரை எனக்கு மருந்து.

பொனிப்பாசுக்கு மட்டும் இது பிடிபடவேயில்லை. "இவ்வளவு மினக்கெட்டுப் பின்னிறாய், ஒரு மீன் படுமோ?" என்பார். போகிற போக்கில் ஒரு கட்டையைத் தட்டிவிட்டுப் போவார். நான் அகப்பையைத் தூக்குவேன்.

எனக்கு இல்லாமற்போன முக்காடு

எங்கள் கலியாணம் ஒரு இடப்பெயர்வுக்கு நடுவில் நடந்தது. கோவில் என்று ஒரு தறப்பாள் கொட்டில். சுவாமியார் சைக்கிளில் வந்தார். மணப்பெண்ணுக்கு முக்காடு வேண்டும் என்பது எல்லாருக்கும் கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. என் தமக்கை தன்னுடைய வெள்ளைச் சால்வையை எடுத்து என் தலையில் போட்டாள். அதில் ஒரு மூலையில் மஞ்சள் கறை. அதை உள்ளே மடித்து ஊசி குத்திவிட்டாள்.

அதற்காக நான் அழவில்லை. கலியாணம் நடந்ததே பெரிது. ஆனால் டிலானி பிறந்து, பெண்பிள்ளை என்று சொன்ன அன்றே நான் ஒன்றை நினைத்துக்கொண்டேன். இவள் தலையில் போடுகிற முக்காட்டில் ஒரு கறையும் இருக்கக் கூடாது.

டிலானி வவுனியாவில் தாதியாக வேலை செய்கிறாள். மாப்பிள்ளை வீடு விசுவமடு. கலியாணப் பேச்சுக்கு வந்தபோது மாப்பிள்ளையின் தாய் நல்ல மனதோடுதான் சொன்னா: "கொழும்பில வாடகைக்கு எடுக்கலாம் அக்கா. நல்ல வேலைப்பாடான முக்காடெல்லாம் இருக்கு. நீங்கள் ஒண்டுக்கும் கஸ்டப்படாதேங்கோ."

நான் வாயைத் திறக்க முதல் டிலானி சொன்னாள்: "இல்லை மாமி, அம்மாதான் பின்னுவா. அம்மா பின்னினதுதான் நான் போடுவன்."

சபையில் சொல்லிவிட்டாள். முக்காட்டைச் சுற்றிவர ஓடுகிற அளவுக்கு நீளமான ரேந்தையை நான் அதுவரை பின்னியதே இல்லை. அன்று பின்னேரமே குசுமாவைக் கூப்பிட்டு மாதிரித் தாள் கேட்டேன். கோதுமைக் கதிர்களும் நடுவில் சின்னச் சின்னச் சிப்பிகளுமாக அவளே வரைந்து அனுப்பினாள். சிப்பி எங்களுக்காகவாம்.

பின்னல் முடிகிற நேரம் நெருங்கியபோதுதான் டெங்கு வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனது.

வலைக்காரர் வழக்கம்

இப்போது சாரத்தைத் தூக்கிய இடத்துக்கு வருவோம்.

கரையில் வலை பொத்துகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அறுந்த கண்ணைப் பொத்திக்கொண்டிருக்கும்போது இடையில் எழும்ப வேண்டி வந்தால், நூலை அந்தரத்தில் விட்டுவிட்டு எழும்ப மாட்டார்கள். ஒரு முடிச்சைப் போட்டு நிறுத்திவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கவும் போவார்கள். விட்ட நூல் பக்கத்துக் கண்ணையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பயம். பொனிப்பாஸ் அரைக் காற்சட்டை போட்ட காலத்திலிருந்து கைக்குள் ஊறிய பழக்கம் அது.

அந்த மனுசன் காற்றில் என் கட்டைகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறார். மனம் கேட்கவில்லை. மகளின் கலியாணச் சாமான், பெண்சாதி ஆஸ்பத்திரியில். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இறுகி நிற்க வேண்டும் என்று நூலை எச்சிலில் வேறு நனைத்து, ஒவ்வொன்றாக முடிந்திருக்கிறார். அரை நாள் எடுத்ததாம். கடலுக்கும் போகவில்லையாம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு விளங்கியது. அந்த நேரத்தில் எனக்கு விளங்கியது முடிச்சு மட்டும்தான்.

"உங்கட மகள் மீன் பிடிக்கப் போறாளோ?" என்று தொடங்கினேன். "மாப்பிள்ளையை இறால் வலையிலயோ கட்டிக்கொண்டு வரப்போறாள்? ஆர் உங்களைத் தொடச் சொன்னது? இதுக்கு முடிச்சு இல்லையெண்டு எத்தினை தரம் சொன்னனான்? காத்தடிச்சால் யன்னலைச் சாத்திறதுக்கென்ன?"

அவர் யன்னலைப் பார்த்தார். அந்த யோசனை அவருக்கு வரவேயில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

வெளியே போய்த் தோணியடியில் இருந்துகொண்டார். நான் அழுதேன். காய்ச்சல்காரிக்கு அழுகை இலேசாக வரும். டிலானி ஃபோன் எடுத்தாள். அவளுக்கும் சொல்லி அழுதேன்.

"அம்மா, விடுங்கோ. நான் வெறும் முக்காட்டோட போறன். நீங்கள் முதல்ல கஞ்சியைக் குடிச்சிட்டுப் படுங்கோ" என்றாள். பிள்ளை தன் குரலைச் சாதாரணமாக வைத்திருக்கப் பாடுபட்டது எனக்குக் கேட்டது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"கட்டின ஐயாவைக் கூப்பிடுங்க"

குசுமாவுக்கு வீடியோவில் காட்டினேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. ஃபோனைக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னாள். பிறகு, "அனே, அக்கே!" என்று வாயைப் பொத்தினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் ஃபோனை வைத்துவிடலாம் போலிருந்தது.

"அக்கே, எல்லா முடிச்சும் ஒரே மாதிரி" என்றாள் கடைசியில். "நல்ல கை. கட்டின ஐயாவைக் கூப்பிடுங்க. அவர்தான் கழட்ட வேணும்."

"வெட்டிப்போட்டுப் புது நூல் போடேலாதோ?"

"எல்லாச் சோடியும் வெட்டினா அந்த இடம் கோடு மாதிரித் தெரியும் அக்கே. ஐயாவைக் கூப்பிடுங்க."

தோணியடிக்குப் போய்க் கூப்பிட்டேன். "வாங்கோ. குசுமா கூப்பிடுறாள்" என்றேன், என் கோபத்தை விட்டுக்கொடுக்காமல்.

பொனிப்பாஸ் வந்து முடிச்சுகளைக் குனிந்து பார்த்தார். "வலை முடிச்சை நாங்கள் கழட்டிறதில்லை" என்றார் மெல்லமாக. "வெட்டிறதுதான். நான் இண்டைவரைக்கும் ஒண்டையும் கழட்டினதில்லை."

"அப்ப?"

"பாப்பம். இழுக்கக் கூடாது. இழுத்தால் இன்னும் இறுகும். வந்த வழியால திருப்பித் தள்ள வேணும்."

கூசாமல் சொல்கிறேன், அதன் பிறகு அந்த மனுசன் செய்ததைப் பார்த்திருக்காவிட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன். எலுமிச்சம் பழத்தைத் தேய்த்துக் கை கழுவினார், மீன் மணம் போக. நூல் நன்றாகக் காய்கிற வரை பொறுத்தார். குசுமா சொன்னபடி முடிச்சுகளில் கொஞ்சம் பவுடர் தடவினார். யன்னலைச் சாத்தினார். பிறகு இரண்டு பித்தளை ஊசிகளை எடுத்துக்கொண்டு முதலாவது முடிச்சின் முதுகில் ஒன்றை வைத்து, மற்றதால் வளையத்தைப் பின்பக்கமாகத் தள்ளினார். மூச்சுக்கூட விடவில்லை. முடிச்சு கொஞ்சம் வாய் திறந்தது. பிறகு குலைந்து விழுந்தது.

"ஒண்டு" என்றார்.

நான் அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை. ஆனால் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் விடிந்ததும் காற்று எழும்ப முதல் வந்து இருப்பார். அத்தனை நாளும் கடலுக்கே போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பொனி அண்ணை, தையல் வகுப்போ?" என்று பகிடி விட்டார். இவர் தலை நிமிரவில்லை.

கடைசிக்குக் கிட்ட ஒரு நூல் அறுந்தது. ஒரு சின்னச் சத்தம்தான். பொனிப்பாஸின் முகம் வெளிறிப்போனது. ஊசிகளை வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் உன்ர வேலையைக் கெடுத்துப்போட்டன், என்னடி?" என்றார்.

நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நந்திக்கடலைக் கடந்த அந்த வருடத்தில்கூட நான் இந்தக் குரலைக் கேட்டதில்லை. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஒரு நூல்தானே அப்பா. அதுக்கு வழி இருக்கு" என்றேன். இருக்கிறதோ இல்லையோ எனக்கு அப்போது தெரியாது. குசுமாவிடம் கேட்டேன். இருந்தது. புது நூலை ஒரு ஊசியில் தொங்கவிட்டு, அறுந்த நூலோடு சேர்த்துக் கொஞ்சத் தூரம் இரண்டையும் ஒன்றாகப் பின்னிக்கொண்டு போக வேண்டும். பிறகு பழையதை விட்டுவிடலாம். இன்றைக்கு அந்த இடத்தைத் தேடினால் எனக்கே கண்டுபிடிக்க ஏலாது.

ஊசிகளைக் கழற்றிய காலை

முடிச்சுகள் எல்லாம் குலைந்த பிறகு நான் பின்னத் தொடங்கினேன். உடம்பு இன்னும் தேறவில்லை. கொஞ்ச நேரம் இருந்தால் முதுகு விட்டுப்போகும். பொனிப்பாஸ் பக்கத்தில் முக்காலியைப் போட்டு இருந்துகொண்டார். பின்னால் உள்ள ஊசியைக் கழற்றி என் கையில் தருவது அவர் வேலை. ரேந்தை சுற்றி வருகிற தலையணை உருளையைத் திருப்புவதும் அவர்தான். நான் களைத்து எங்கேயாவது நின்றுவிட்டால், "மாத்துப் போட்டிட்டாய். இனி முறுக்கு" என்று எடுத்துக் கொடுப்பார். இரண்டு நாளுக்குள் எனக்கே சட்டம் சொல்கிற ஆளாகிவிட்டார்!

ஒரு காலை, முடிச்சு விழுந்திருந்த அந்த இடத்து ஊசிகளைக் கழற்ற வேண்டி வந்தது. இருவருக்கும் பயம். அங்கே நூல் எச்சில் பட்டு, இறுகி, குலைந்து, எவ்வளவோ பாடுபட்டிருந்தது. ஊசி இல்லாமல் நிற்குமா, பிதுங்கிக் கொண்டு வருமா?

"நீ கழட்டு" என்றார்.

"நீங்கள்தானே ஊசிக்காரன். நீங்கள் கழட்டுங்கோ."

ஒவ்வொன்றாக இழுத்தார். கதிர் அப்படியே இருந்தது. சிப்பி அப்படியே இருந்தது. கடைசி ஊசியும் வந்தது. பொனிப்பாஸ் ரேந்தையை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்துக்குப் பிடித்தார். மெல்ல இழுத்துப் பார்த்தார். திரும்பவும் இழுத்துப் பார்த்தார்.

"இது உண்மையாவே முடிச்சில்லாமல் நிக்குதடி" என்றார்.

"இவ்வளவு காலமும் என்ன நினைச்சனீங்கள்?"

"கஞ்சி போட்டு ஒட்டிறாய் எண்டெல்லோ நினைச்சனான்."

இத்தனை வருடமாக ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறோம்! நான் சிரித்த சிரிப்பில் தலைச்சுற்று வந்துவிட்டது.

கடைசிச் சிப்பி முடிந்தபோது கலியாணத்துக்கு வீட்டில் பந்தல் போட ஆட்கள் வந்துவிட்டார்கள். ரேந்தைப் பின்னலில் ஒரே ஒரு இடத்தில்தான் முடிச்சு வேண்டும். எல்லாம் பின்னி முடிந்து, கட்டைகளை வெட்டி எடுக்கிற கடைசி நுனியில், நூல்களைச் சோடி சோடியாக முடிந்துவிட வேண்டும். குசுமா எனக்குக் காட்டித் தந்த முடிச்சு எனக்குத் தெரியும். நான் கையை எடுத்துவிட்டுக் கதிரையைத் தள்ளி இருந்தேன்.

"இப்ப போடுங்கோ உங்கட முடிச்சை."

அவர் என்னைப் பார்த்தார். பகிடியோ என்று பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பந்தல்காரர் கூப்பிடக் கூப்பிட, ஒரு சோடியையும் விடாமல், கடுகளவு முடிச்சுகளாக முடிந்தார்.

கோவில் வாசலில்

குசுமா கலியாணத்துக்கு வந்தாள். அத்தனை பஸ் மாறி, ஒரு பெட்டி தொதல் இனிப்போடு வந்து இறங்கினாள். டிலானியின் தலையில் முக்காட்டைப் போட்டு, ஓரத்தைச் சரி செய்து ஊசி குத்தியது அவள்தான். ரேந்தை நெற்றியில் தொடங்கித் தோளில் இறங்கி நிலம் வரை போய்ச் சுற்றி வந்தது. அதில் ஒரு கறையும் இல்லை. நான் என் மகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கைகளைத் தந்ததற்கு, அவற்றை மடுவில் பிடித்து வழிக்குக் கொண்டுவந்த இந்த மனுசியைத் தந்ததற்கு, மாதாவுக்கு நன்றி சொன்னேன். அன்று செபமாலை முழுக்க ஓடியது.

பூசை முடிந்து வாசலில் படம் எடுக்கிற நேரம், மாப்பிள்ளையின் தாய் முக்காட்டின் ஓரத்தைக் கையில் எடுத்தா. விரலால் தடவித் தடவிப் பார்த்தா. கொழும்பு முக்காட்டைப் பற்றிச் சொன்னது அவவுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு.

"கடவுளே, இவ்வளவு வேலையோ! இதை ஆர் முழுக்கப் பின்னினது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து, புது வேட்டி கட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பொனிப்பாஸ் சொன்னார்:

"நாங்கள்தான்."

குசுமா அவரைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

"ஓம்," என்றேன். "நாங்கள்தான்."